அஞ்சு டெஸ்ட்ல மூணு தான் ஆடுவார்னு முன்னாடியே சொல்லிட்ட பும்ரா மாதிரி ஃபாஸ்ட் பவுலரை நம்பி சீரிஸ் ஆட முடியுமா?

பழைய பந்து:
2025 இங்கிலாந்து சீரிஸ் 2-2ன்னு முடிஞ்சுது. பும்ரா ஆடின மூணு மேட்ச்ல லீட்ஸும் லார்ட்ஸும் தோத்தோம், மான்செஸ்டர் டிரா. அவர் இல்லாத எட்ஜ்பாஸ்டன், ஓவல் ரெண்டுலயும் ஜெயிச்சோம். இதை வச்சு பும்ரா மோசம்னு சொல்ல வரல, தயவுசெஞ்சு அந்தப் பக்கம் இழுக்காதீங்க, 200 விக்கெட் தொட்டப்போ ஆவரேஜ் (ஒரு விக்கெட்டுக்கு கொடுத்த ரன்) 20க்கு கீழ வச்சிருந்த முதல் பவுலர் அவர்தான், அதுல எனக்கு எந்த சந்தேகமும் இல்ல. நான் கேக்குறது வேற. டெஸ்ட்ல ஃபாஸ்ட் பவுலரோட வேலை என்ன? அஞ்சாவது மேட்ச், அஞ்சாவது நாள் காலைல பந்தைக் கொடுத்தா ஓடி வரணும். சிராஜ் அதைத்தான் பண்ணாரு. அஞ்சு மேட்ச்சும் ஆடி 185 ஓவருக்கு மேல போட்டு 23 விக்கெட், ரெண்டு டீமையும் சேத்தே அவர்தான் டாப். சீரிஸ் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே இவர் மூணு தான் ஆடுவார்னு உலகத்துக்கே சொல்லிட்டு போறது டெஸ்ட் கிரிக்கெட்டுக்கு சரியா வராதுங்கிறது என் கருத்து.

ஃபைன் லெக்:
ப்ரோ அந்த ஜெயிச்சோம் தோத்தோம் கணக்கை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. லீட்ஸ்ல என்ன நடந்துச்சு? நம்ம பேட்ஸ்மேன்கள் மொத்தம் அஞ்சு செஞ்சுரி அடிச்சும் தோத்தோம். முதல் இன்னிங்ஸ்ல 430க்கு 3ன்னு இருந்து 471 ஆல் அவுட், ரெண்டாவதுல கடைசி 6 விக்கெட் 31 ரன்னுக்கு போச்சு, அது போக ஸ்லிப்லயும் பக்கத்து கல்லி பொசிஷன்லயும் கேட்ச் கேட்ச்சா விட்டோம். அதுக்கு நடுவுல பும்ரா 5/83 (83 ரன்னுக்கு 5 விக்கெட்) எடுத்தாரு. லார்ட்ஸ்ல 5/74. 193 சேஸ் பண்ண முடியாம 22 ரன்ல தோத்தது பவுலர் தப்பா? 2005 ஆஷஸ்ல, அதாவது இங்கிலாந்து-ஆஸ்திரேலியா சீரிஸ்ல, ஃபாஸ்ட் பவுலர் மெக்ராத் இல்லாத ரெண்டு மேட்ச்சும் ஆஸ்திரேலியா தோத்துச்சு, இங்க பும்ரா இல்லாத ரெண்டும் நாம ஜெயிச்சோம். அதனால மெக்ராத் பெரியவர் பும்ரா சின்னவர்னு ஆயிடுமா? ரெண்டு மேட்ச்சை வச்சு எதையும் நிரூபிக்க முடியாது.

அடுத்தது உடம்பு. 2024-25 ஆஸ்திரேலியா சீரிஸை அதுக்குள்ள மறந்துட்டீங்களா? 151 ஓவர் சொச்சம், 32 விக்கெட், ஆவரேஜ் 13. மெல்போர்ன்ல மட்டும் ரெண்டு இன்னிங்ஸும் சேத்து 53 ஓவருக்கு மேல. அடுத்த மேட்ச் சிட்னில முதுகு பிடிச்சுக்கிச்சு, ரெண்டாவது இன்னிங்ஸ்ல பந்தே போடல, 162 டார்கெட்டை அவங்க ஈஸியா அடிச்சாங்க, சாம்பியன்ஸ் டிராபிக்கும் அவர் இல்ல. 2023ல அதே முதுகுல ஆபரேஷன் பண்ணவர். இவரையா அஞ்சுக்கு அஞ்சு ஆடச் சொல்றீங்க?

பழைய பந்து:
ஆபரேஷன் எனக்கும் தெரியும். ஆனா லீட்ஸ் முடிஞ்சு எட்ஜ்பாஸ்டனுக்கு முழுசா ஒரு வாரம் இருந்துச்சு. 0-1ன்னு பின்தங்கி இருக்கோம். அந்த மேட்ச்சுல உக்கார வச்சு லார்ட்ஸ்ல ஆட வைக்கிறாங்க. இது மருத்துவ முடிவா இல்ல காலண்டர் முடிவா? கில் 269, 161ன்னு அடிச்சு காப்பாத்தினாரு, ஆகாஷ் தீப் பத்து விக்கெட் எடுத்தாரு, அதனால இதை யாரும் பேசல. தோத்திருந்தா 0-2, அப்போ இதே கேள்விய எல்லாரும் கேட்டிருப்பாங்க. கபில் 131 டெஸ்ட் ஆடினாரு, காயம்னு ஒரு டெஸ்ட் கூட மிஸ் பண்ணல. பந்து போட்டு போட்டுத்தான் பந்து போடுற உடம்பு வரும்.

மூணாவது ஸ்லிப்:
கபிலோட ஆக்‌ஷனையும் பும்ராவோட ஆக்‌ஷனையும் எப்படி சார் ஒரே தட்டுல வைப்பீங்க. கபில் அழகா சைட் ஆன், அதாவது பக்கவாட்டா திரும்பி போடுவாரு, ஓடி வர்ற வேகத்தை அப்படியே பந்துல இறக்குவாரு. பும்ரா நடந்து வந்து கடைசி நாலு அடியில வேகத்தை உருவாக்குறாரு, முன்னங்கால் விறைப்பா இறங்குது, கை முழுசா நீண்டு வருது. அந்த முன்னங்கால் தரையில விழுற நொடியில உடம்பு எடையைப் போல பல மடங்கு விசை இடுப்புக்கு மேல ஏறுது, அதே நேரத்துல முதுகு வளைஞ்சு திரும்புது. கீழ் முதுகெலும்புல சின்னச் சின்ன விரிசல் வர்றது இப்படித்தான். அது ஆற டைம் கொடுக்காம அடுத்த ஸ்பெல் போட்டா விரிசல் பெருசாகும், ஊசி மாத்திரைல சரியாகாது, ஓய்வு தான் வழி. ஆஸ்திரேலியாவோட பேட் கம்மின்ஸ் 2011ல ஜோஹன்னஸ்பர்க்ல 18 வயசுல அறிமுகம், ரெண்டாவது இன்னிங்ஸ்ல 6 விக்கெட், ஆட்ட நாயகன். அடுத்த டெஸ்ட் எப்போ ஆடினாரு தெரியுமா, 2017 மார்ச், ராஞ்சி. அஞ்சு வருஷத்துக்கு மேல போச்சு. பொறுமையா காத்திருந்து கொண்டு வந்ததாலதான் இன்னைக்கு 300 விக்கெட் தாண்டின கேப்டன் கம்மின்ஸ் இருக்காரு.

ஃபைன் லெக்:
இதைத்தான் நானும் சொல்றேன். இங்கிலாந்தோட ஆர்ச்சரையும் பாருங்க, 2019 நவம்பர்ல மவுன்ட் மாங்கனுயில ஒரே இன்னிங்ஸ்ல 42 ஓவர் போட வச்சாங்க, அடுத்த வருஷ ஆரம்பத்துலயே முழங்கைல ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர். 2021 பிப்ரவரிக்கு அப்புறம் திரும்ப டெஸ்ட் ஆடினது 2025 லார்ட்ஸ்லதான்.

பழைய பந்து:
42 ஓவர் போட்டதாலதான் முழங்கை போச்சுன்னு யாரும் அடிச்சு சொல்ல முடியாது. கொஞ்சம் முன்னாடி ரெண்டு மேட்ச்சை வச்சு எதையும் நிரூபிக்க முடியாதுன்னு எனக்கு சொன்னீங்க, இப்போ ஒரு இன்னிங்ஸை வச்சு நீங்க நிரூபிக்கிறீங்க. நானும் ஒண்ணு சொல்றேன், 2020ல வெஸ்ட் இண்டீஸுக்கு எதிரா சவுத்தாம்ப்டன்ல அவங்க ஃபாஸ்ட் பவுலர் பிராடை உக்கார வச்சாங்க, இங்கிலாந்து தோத்துச்சு, அடுத்த ரெண்டு மேட்ச்ல உள்ள வந்து 16 விக்கெட் எடுத்தாரு, 500வது விக்கெட்டும் அதுல ஒண்ணு. நல்ல ஃபார்ம்ல இருக்கிற ஃபாஸ்ட் பவுலரை திட்டம் போட்டு வெளிய வைக்கிறது நஷ்டம்தான்.

நைட் வாட்ச்மேன்:
எல்லாம் சரி, ஆனா நீங்க பேசுறது பூரா வெளிநாட்டு சீரிஸ். இந்தியாவுல ஃபாஸ்ட் பவுலருக்கு என்ன வேலை? நியூசிலாந்து 2024ல 3-0ன்னு நம்மளை கழுவி ஊத்தினப்போ புனேல ஸ்பின்னர் சான்ட்னர் 13 விக்கெட், மும்பைல ஸ்பின்னர் அஜாஸ் 11. சீமர் (ஃபாஸ்ட் பவுலர்) புது பந்தோட ஷைன் போறதுக்கு நாலு ஓவர் போட்டுட்டு ஃபீல்டிங் நிக்க வேண்டியதுதான்.

மூணாவது ஸ்லிப்:
அந்த சீரிஸோட முதல் டெஸ்ட்டை வசதியா விட்டுட்டீங்களே. பெங்களூர்ல நாம 46 ஆல் அவுட், அவங்க சீமர்கள் ஹென்றி 5, ஓ'ரூர்க் 4, அங்கேயே சீரிஸ் கை மாறிடுச்சு. 2025 நவம்பர்ல தென்னாப்பிரிக்காவுக்கு எதிரா கொல்கத்தா முதல் நாள் பும்ரா 5/27, கவுஹாத்தில அவங்க யான்சன் 6/48. உயரமும் வேகமும் இருந்தா எந்த பிட்ச்சும் பேசும். இலங்கை ஃபாஸ்ட் பவுலர் வாஸ் கொழும்பு எஸ்எஸ்சி மைதானத்துல 2001ல ஒரே மேட்ச்ல 14 விக்கெட் எடுத்தாரு, பக்கத்துல முரளி இருந்தும்.

சரி மெயின் விஷயத்துக்கு வரேன். நீங்க ரெண்டு பேரும் தனி ஆளை வச்சே பேசிட்டு இருக்கீங்க. டெஸ்ட்ல ஃபாஸ்ட் பவுலிங் கூட்டமா செய்ற வேலை. 80கள்ல வெஸ்ட் இண்டீஸ் ஏன் 15 வருஷம் ஒரு சீரிஸ் கூட தோக்கல? நாலு பேரு. மார்ஷல் ஆவரேஜ் 20.94, கார்னர் 20.97, பின்னாடி வந்த ஆம்ப்ரோஸ் 20.99. ஒருத்தர் மேல பாரம் விழவே இல்ல, ஒருத்தர் அஞ்சு ஆறு ஓவர் முழு வேகத்துல போட்டுட்டு நகர்ந்தா அடுத்தவர் அதே வேகத்துல வருவாரு, பேட்ஸ்மேனுக்கு மூச்சு விட நேரம் கிடையாது. மார்ஷலுக்கு 1984 ஹெடிங்லில இடது கட்டைவிரல் உடைஞ்சுது, ஒத்தக் கையால பேட்டிங் பண்ணிட்டு கட்டோட வந்து 7/53 எடுத்தாரு. பழைய பந்து சார் கேக்குற மனசு அதுதான், நான் மதிக்கிறேன். ஆனா அந்த டீம்ல அவர் இல்லன்னாலும் மூணு பேரு இருந்தாங்க. நம்ம கிட்ட ஒருத்தர் போனா ரன் ரேட் நாலரைக்கு ஏறுது. பேட்டிங் எட்டாம் நம்பர் வரைக்கும் வேணும்னு நாலாவது ஃபுல் சீமருக்கு பதிலா ஆல்ரவுண்டரை வைக்கிற வரைக்கும் பும்ராவும் சிராஜும்தான் தேய்வாங்க.

பழைய பந்து:
கூட்டமா செய்ற வேலைன்னு சொன்னது ரொம்ப சரி, அதையே நான் ஓவல்ல இருந்து காட்டுறேன். 374 டார்கெட், ப்ரூக் 19ல இருந்தப்போ சிராஜ் கேட்ச் பிடிச்சு அப்படியே பவுண்டரி கயிறை மிதிச்சிட்டாரு, ப்ரூக் 111 அடிச்சாரு, ரூட் 105. வேற யாரா இருந்தாலும் மனசு விட்டிருக்கும். கடைசி நாள் காலைல 35 ரன் தான் வேணும், கையில 4 விக்கெட், ஒருத்தர் தோள் போய் கைல கட்டோட இருக்காரு. பிரசித் போட்ட முதல் ரெண்டு பந்தும் பவுண்டரி. அங்க இருந்து சிராஜ் ஸ்மித்தை எடுக்குறாரு, ஓவர்டனை எடுக்குறாரு, பிரசித் டங்கை போல்ட் பண்றாரு. 80 ஓவர் தாண்டிடுச்சு, புது பந்து எடுக்கலாம், எடுக்கல. மேகமூட்டத்துல பழைய பந்து பேசிட்டு இருந்துச்சு, அது பவுலருக்குத்தான் கையில தெரியும். கடைசியா அட்கின்சனுக்கு யார்க்கர், ஆஃப் ஸ்டம்ப் பறக்குது, 6 ரன்ல வெற்றி. அந்த இன்னிங்ஸ்ல அவர் போட்டது 30.1 ஓவர். சீரிஸ்ல ஆயிரம் பந்துக்கு மேல போட்ட பிறகு வந்த பந்து அது! ஸ்பீட் கன் பாக்காதீங்க, பந்து குத்துற இடத்தை, லெங்த்தைப் பாருங்க. இதுதான் டெஸ்ட் ஃபாஸ்ட் பவுலிங், இதை மூணு மேட்ச் ஒப்பந்தத்துல வாங்க முடியாது.

ஃபைன் லெக்:
படிக்கும்போதே சிலிர்க்குது, சிராஜை பத்தி ஒரு வார்த்தை மறுக்க மாட்டேன். ஆனா நீங்க சொன்ன அந்த ஆயிரம் பந்தைத்தான் நான் பயத்தோட பாக்குறேன். மான்செஸ்டர் முடிஞ்சு ஓவலுக்கு இடைல மூணே நாள். அப்படி ஒரு அட்டவணைல சிராஜ் தாங்கினாரு, எல்லார் உடம்பும் தாங்காது, அவர் உடம்பும் ஒவ்வொரு தடவையும் தாங்கும்னு சொல்ல முடியாது. நியூசிலாந்து ஃபாஸ்ட் பவுலர் ஷேன் பாண்ட் வெறும் 18 டெஸ்ட், 87 விக்கெட், ஆவரேஜ் 22, அவ்வளவுதான் நமக்கு கிடைச்சுது. மான்செஸ்டர்ல பும்ரா 33 ஓவர் போட்டு 2/112, வேகம் குறைஞ்சது கண்ணுக்கே தெரிஞ்சுது, வாழ்க்கைல முதல் தடவை ஒரு இன்னிங்ஸ்ல நூறு ரன் கொடுத்தாரு. மூணாவது மேட்ச்சுலயே இந்த நிலைமைன்னா அஞ்சாவது மேட்ச்ல என்ன கிடைச்சிருக்கும்? பாதி பும்ராவை ஆட வைக்கிறதுக்கு முழு ஆகாஷ் தீப் மேல்.

மூணாவது ஸ்லிப்:
கடைசி வரிக்கு நூறு லைக்.

பழைய பந்து:
பாதி பும்ரா வேணாம்கிறது சரி. ஆனா எந்த மேட்ச்னு முடிவு பண்றது முதல் நாள் காலைல பிட்ச்சையும் அவர் முதுகையும் பாத்து நடக்கணும், மூணு மாசம் முன்னாடி ரூம்ல உக்காந்து இல்ல. எதிர் டீம் கேப்டன் டாஸ் போடுற வரைக்கும் அவர் வர்றாரா இல்லையான்னு தெரியாம தவிக்கணும். அப்புறம் சிராஜுக்கு ஒரு மேட்ச் ரெஸ்ட் கொடுங்கன்னு இங்க யாராவது ஒருத்தராவது அப்போ எழுதினீங்களா? பும்ரா முதுகை பத்தி அத்தனை பேரு கவலைப்பட்டாங்க, இன்னிங்ஸுக்கு சுமார் இருபது ஓவர் போட்ட சிராஜோட முட்டியை பத்தி ஒருத்தரும் கேக்கல.

ஃபைன் லெக்:
அந்த கேள்வி நியாயம். கேக்க வேண்டியது கோச்சையும் செலக்டரையும்தான். அடுத்த அஞ்சு டெஸ்ட் டூருக்கு ஆறு முழு சீமரை கூட்டிட்டு போகட்டும், ரெண்டாவது டெஸ்ட்ல இருந்தே மாத்தி மாத்தி ஆடட்டும், சிராஜும் அந்த மாத்துற லிஸ்ட்ல இருக்கட்டும்.

பழைய பந்து:
ஆறு பேரு ஓகே. சிராஜை மட்டும் அந்த லிஸ்ட்ல போடுறதுக்கு முன்னாடி அவர்கிட்ட ஒரு வார்த்தை கேளுங்க.