அமெரிக்க அதிபர் வேட்பாளர்கள் வாக்காளர் முன் தங்களை எப்படிக் காட்டிக்கொள்கிறார்கள்: வகுப்பில் எப்படி நடத்துவது?

கரும்பலகை (கேள்வி):

வணக்கம். 16, 17 வயது மாணவர்களுக்கு அமெரிக்க அதிபர் தேர்தல் பாடம். எலெக்டோரல் காலேஜ் (அதிபரைத் தேர்ந்தெடுக்கும் மாநிலப் பிரதிநிதிகள் குழு), அதில் வெல்ல வேண்டிய 270 வாக்கு, கட்சிகள் தங்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதன்மைத் தேர்தல் எல்லாம் பாடநூலிலேயே இருக்கிறது. ஒரு வேட்பாளர் மக்கள் முன்னால் தன்னை எப்படிப்பட்ட ஆளாக நிறுத்திக்கொள்கிறார் என்பதுதான் அதில் இல்லை. அதற்கென்று 45 நிமிட வகுப்பு நான்கு ஒதுக்கியிருக்கிறேன். விளம்பரப் படங்களைப் போட்டால் "நல்லா இருக்கு", "பொய் சொல்றாங்க" என்ற இரண்டு பதிலோடு பேச்சு நின்றுவிடுகிறது. இன்றைய தலைவர்கள் பெயரை எடுத்தாலோ வகுப்பு இரண்டு அணியாகிவிடுகிறது. எந்தத் தேர்தல்களை எடுக்கலாம், மாணவர்கள் கையில் என்ன வேலை கொடுக்கலாம்?

ஒளிச்சுருள்:

வணக்கம் டீச்சர். ஒரு வகுப்புக்கு இரண்டு விளம்பரம் போதும். மூன்றாவதைப் போட்டால் முதலாவது மறந்துவிடும். பெரும்பாலானவை 30 அல்லது 60 நொடிதான், அதனால் ஒவ்வொன்றையும் மூன்று முறை போடலாம். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டுப் படம் மட்டும். இரண்டாம் முறை திரையை மறைத்துவிட்டு ஒலி மட்டும். மூன்றாவது முறை இரண்டும் சேர்த்து. ஒவ்வொரு முறைக்கும் பிறகு மூன்று நிமிடம் பேச்சில்லாமல் எழுத வேண்டும். "நல்லா இருக்கு" என்ற பதில் வருவதே, பார்த்த கையோடு வாய் திறக்க விடுவதால்தான்.

எழுதுவதற்கு மூன்று கேள்வி கொடுங்கள். இவர் தன்னை யார் என்கிறார்? யாரைப் பார்த்துப் பேசுகிறார்? எதைக் காட்டாமல் விட்டார்? ஒவ்வொரு பதிலுக்கும் திரையில் பார்த்த அல்லது காதில் கேட்ட ஒரு பொருளைச் சான்றாகக் குறிக்க வேண்டும். "நம்பிக்கை தருகிறார்" என்று எழுதினால் ஏற்காதீர்கள். எந்தக் காட்சி, எந்த வாக்கியம் என்று கேளுங்கள்.

முதல் வகுப்புக்கு 1952, ஐசனோவர். சாதாரண மக்கள் கேள்வி கேட்க, அவர் பதில் சொல்லும் 20 நொடிப் படங்கள். தளபதியாக இருந்தவர், வீட்டுக்கு வந்த பெரியவர் மாதிரி விலைவாசி பேசுவார். மாணவர்கள் நேருக்கு நேர் நடந்த உரையாடல் என்றுதான் நினைப்பார்கள். உண்மையில் அவருடைய பதில்களை முதலில் படம் பிடித்தார்கள். கேள்வி கேட்பவர்களைப் பிறகு தேடிப் பிடித்துத் தனியாக எடுத்து ஒட்டினார்கள். இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். "இருவரும் ஒரே சட்டகத்தில் எப்போது வருகிறார்கள்?" என்று மட்டும் கேட்டு மறுபடி போடுங்கள், அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

இரண்டாம் வகுப்புக்கு 1964 ஜான்சனும் 1984 ரீகனும். ஜான்சன் படத்தில் ஒரு சிறுமி பூவிதழைப் பிய்த்து எண்ணுகிறாள், எண்ணிக்கை தடுமாறுகிறது. பிறகு ஓர் ஆண் குரல் பத்திலிருந்து கீழே எண்ணுகிறது. கேமரா அவள் கண்ணுக்குள் போகிறது, அணுகுண்டு வெடிக்கிறது. ஜான்சனின் குரல் வரும், முகம் வராது. எதிராளி கோல்டுவாட்டரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. முடிவில் வாக்குக் கேட்கும் வரியில் அவர் "அதிபர் ஜான்சன்". அந்தப் பதவிப்பெயரை எத்தனை பேர் கவனிக்கிறார்கள் என்று பாருங்கள், பாடத்தின் பாதி அதில் இருக்கிறது. ரீகன் படத்திலும் பேசுவது அவரல்ல, விளம்பரக் குரல். வேலைக்குப் போகிறவர்கள், கல்யாணம், புது வீடு என்று ஊர்க் காலைக் காட்சிகள் ஓடும். நாலு வருடத்துக்கு முன் இருந்த நிலைக்கு ஏன் திரும்ப வேண்டும் என்ற கேள்வியோடு முடியும். ஏற்கெனவே பதவியில் இருப்பவர் தன் முகத்தை விற்க வேண்டியதில்லை, தன் ஆட்சிக் காலத்தைக் காட்டினால் போதும். புதிதாகப் போட்டியிடுபவர் தன் வாழ்க்கையிலிருந்து எதையாவது எடுத்து வைத்தாக வேண்டும். 1992இல் கிளின்டன் தரப்பு எடுத்து வைத்தது, 1963இல் வெள்ளை மாளிகையில் பள்ளி மாணவனாக அவர் கென்னடியுடன் கைகுலுக்கிய காட்சி.

படங்களுக்கு அலைய வேண்டாம். நியூயார்க்கில் உள்ள மியூசியம் ஆஃப் தி மூவிங் இமேஜ், 'தி லிவிங் ரூம் கேண்டிடேட்' என்ற இணையத் தொகுப்பில் 1952 முதலான விளம்பரங்களை ஆண்டு வாரியாக வைத்திருக்கிறது. எழுத்து வடிவமும் உண்டு.

ஆவணப்பெட்டி:

நண்பர் 1952இல் தொடங்கச் சொல்கிறார். நான் ஒரு நூற்றாண்டு பின்னால் போகச் சொல்வேன். இல்லாவிட்டால் இது தொலைக்காட்சி கொண்டுவந்த வியாதி என்றே பிள்ளைகள் முடிவுகட்டிவிடுவார்கள்.

1840இல் வேட்பாளர் வில்லியம் ஹென்றி ஹாரிசனை எதிர்த்தரப்பு நாளிதழ் ஒன்று கிண்டல் செய்தது: ஒரு பீப்பாய் ஆப்பிள் மதுவும் ஓய்வூதியமும் கொடுத்தால் மரக்குடிசையில் உட்கார்ந்துவிடுவார் என்று. அவருடைய விக் கட்சியினர் அந்தக் கிண்டலையே சின்னமாக்கி, ஊர்வலங்களில் மரக்குடிசையை இழுத்துக்கொண்டு போனார்கள். ஆனால் ஹாரிசன் பிறந்தது வர்ஜீனியாவில் பெரிய பண்ணை மாளிகையில். அப்பா சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர். 1860இல் லிங்கன் மரம் பிளந்த உழைப்பாளியாக முன்வைக்கப்பட்டார். அது நடந்த உண்மை, ஆனால் அந்தச் சமயத்தில் அவர் ரயில்வே கம்பெனிகளுக்காக வாதாடிய பெயர் பெற்ற வழக்கறிஞர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். ஒன்று பொருந்தாத வேடம், மற்றது உண்மையிலிருந்து பொறுக்கி எடுத்த துண்டு. 'பொய்' என்ற ஒரே சொல் இரண்டுக்கும் போதாது என்று மாணவர்களுக்கே தெரிந்துவிடும்.

நேரம் இருந்தால் 1896. ஒரு வேட்பாளர் பிரையன், ரயிலில் ஏறத்தாழ 18,000 மைல் சுற்றிப் பேசினார். அவரை எதிர்த்து நின்ற மெக்கின்லி ஓஹையோ மாநிலத்தின் கேன்டனில் தன் வீட்டுத் திண்ணையை விட்டு நகரவில்லை, மக்கள் கூட்டம் கூட்டமாக அங்கே வந்தார்கள். வரும் குழுவின் தலைவர் என்ன பேசப் போகிறார் என்பதை முன்கூட்டியே வாங்கிப் பார்த்துத்தான் பேசவிட்டார்கள். 1952இல் கேள்வியைத் தனியாக ஒட்டினார்களே, அதற்கு இது பெரியப்பா.

வாக்குச்சாவடி:

இரண்டு பேர் சொன்னதும் சரி. தவறு நடக்கும் இடங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, யார் தயாரித்தது என்று பார்க்காமல் விடுவது. 1988இல் மூத்த புஷ்ஷின் எதிராளி டுகாகிஸைத் தாக்க, சிறைவிடுப்பில் வெளியே வந்து குற்றம் செய்த கொலைக் கைதி வில்லி ஹார்ட்டன் படத்தைக் காட்டிய பேர்பெற்ற விளம்பரம் புஷ்ஷின் பிரசாரக் குழு வெளியிட்டதல்ல, அவர் பிரசாரத்தைச் சேராத வெளிக்குழு ஒன்றுடையது. புஷ் தரப்பின் சொந்த விளம்பரத்தில் கைதிகள் சுழல்கதவு வழியாக வெளியே வருவார்கள். இரண்டையும் ஒன்றாகப் பேசினால் 'தன்னைக் காட்டிக்கொள்வது' என்ற பாடமே கலங்கிவிடும். 2002 தேர்தல் நிதிச் சட்டத்துக்குப் பிறகு வேட்பாளரின் தொலைக்காட்சி விளம்பரத்தில் இந்தச் செய்தியை நான் ஏற்கிறேன் என்று அவரே சொல்ல வேண்டும். அந்த வரி இல்லாத படத்துக்கு, பணம் யார் கொடுத்தது என்ற சிறிய எழுத்தைத் தேடச் சொல்லுங்கள்.

அடுத்தது கென்னடி–நிக்சன். 1960 செப்டம்பர் 26 விவாதத்தை வானொலியில் கேட்டவர்கள் நிக்சன் வென்றார் என்றார்கள், தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் கென்னடி என்றார்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். அதற்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, வானொலி கேட்ட ஒரு சின்னக் கூட்டத்திடம் எடுத்த ஒரே கணக்கெடுப்பு. அதை உண்மையாக எழுதிப் போடாதீர்கள். கண்ணால் பார்க்க முடிவதைக் கொடுங்கள்: மருத்துவமனையிலிருந்து வந்து இளைத்திருந்த நிக்சன், பின்சுவரோடு கலந்துபோன வெளிர்சாம்பல் கோட்டு, அடர்நிறக் கோட்டில் கென்னடி.

மூன்றாவதுதான் பெரிய பிழை. விளம்பரம்தான் வெற்றி தந்தது என்று பின்னாலிருந்து காரணம் கட்டுவது. பூவிதழ்ப் படம் கட்டண விளம்பரமாக ஒளிபரப்பானது ஒரே முறை, 1964 செப்டம்பர் 7. செய்திகளில் மீண்டும் காட்டியதால்தான் பரவியது. ஜான்சன் அதற்கு முன்பே வெகுதூரம் முன்னிலையில் இருந்தார். எனவே தோற்றவர்களின் விளம்பரங்களையும் கலந்து கொடுங்கள். யார் வென்றார் என்பதைக் கடைசி வகுப்பு வரை சொல்லாதீர்கள். இரு கட்சிக்கும் சம எண்ணிக்கை இருக்கட்டும். 2016க்குப் பிந்தையதை நான்காம் வகுப்புக்குத் தள்ளுங்கள். அதற்குள் சான்று காட்டிப் பேசும் பழக்கம் வந்திருக்கும், அணி பிரிவது குறையும். டிரம்பின் சிவப்புத் தொப்பியில் உள்ள 'அமெரிக்காவை மீண்டும் மகத்தானதாக்குவோம்' என்ற முழக்கத்தை ரீகன் 1980இலேயே சற்று மாற்றிப் பயன்படுத்தினார் என்பதிலிருந்து தொடங்கினால் இன்னும் நல்லது.

கரும்பலகை:

மிக்க நன்றி. மூன்றாம் வகுப்பில் மாணவர்களையே ஒரு விளம்பரம் எழுதச் சொல்லலாமா? மதிப்பெண் எப்படிப் போடுவது?

ஒளிச்சுருள்:

சொல்லலாம் டீச்சர், ஆனால் புதுசாகக் கற்பனை செய்யச் சொன்னால் கேலிப்படம்தான் வரும். காட்சியை நீங்கள் கொடுத்துவிடுங்கள். 1988இல் டுகாகிஸ் தலைக்கவசத்தோடு டாங்கியில் ஏறி வந்த காட்சி இதற்கென்றே இருக்கிறது. பாதுகாப்பில் உறுதியானவர் என்று காட்டத்தான் அவர் தரப்பு ஏற்பாடு செய்தது. அதே காட்சியை எடுத்து புஷ் தரப்பு அவருக்கு எதிராக விளம்பரம் செய்தது. ஒலியில்லாமல் போட்டு, பாதிப்பேர் ஆதரவாகவும் மறுபாதி எதிராகவும் 30 நொடிக்குப் பின்னணிக் குரல் எழுதட்டும். தமிழில் நிதானமாக வாசிக்க 45 முதல் 50 சொல் வரை தாங்கும், அதற்கு மேல் போனால் மூச்சு வாங்கும். கடிகாரம் வைத்து வாசிக்கச் சொல்லுங்கள். நாலு பேர் குழு, 20 நிமிடம் எழுத, 15 நிமிடம் படத்தோடு வாசிக்க.

விளம்பரத்துக்கு மதிப்பெண் வேண்டாம், நன்றாகப் பேசுகிற பிள்ளைக்கே எல்லாம் போய்விடும். கூடவே அரைப்பக்க விளக்கம் வாங்குங்கள். 20 மதிப்பெண் என்றால் திரைச்சான்றுக்கு 8, எந்த வாக்காளரை நோக்கி என்பதற்கு 6, எதை ஏன் விட்டோம் என்பதற்கு 6. கடைசிக் கேள்விக்குத்தான் வெற்றுத்தாள் வரும், அதனால் அதைத் தாளின் மேலேயே அச்சடித்துக் கொடுங்கள்.