பெயின்டிங் செலவு என்று அட்வான்ஸில் ஒரு மாத வாடகையைப் பிடிக்கலாமா?

மடிப்பாக்கம்வாசி:
வணக்கம். மடிப்பாக்கத்தில் ஒரு வீட்டின் மாடியில் நான்கு வருடமாக வாடகைக்கு இருக்கிறோம். வாடகை 15,000, அட்வான்ஸ் 1,00,000. பையனுக்குப் பள்ளிக்கூடம் மாறுவதால் இந்த மாதக் கடைசியில் காலி செய்கிறோம். முன்கூட்டியே சொல்லிவிட்டோம், வாடகையும் கரன்ட் பில்லும் பாக்கி இல்லை. இப்போது ஹவுஸ் ஓனர் பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகை, ஆணி அடித்ததற்கு 8,000 பிடித்துக்கொண்டு, மீதியை அடுத்த ஆள் அட்வான்ஸ் கொடுத்ததும் தருகிறேன் என்கிறார்.

ஹால் சுவர் மோசமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலிருந்து இறங்கிய ஈரம். பெயின்ட் அப்பளம் மாதிரி உப்பி, கை பட்டாலே உதிர்கிறது. போன மழைக்காலத்திலேயே போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "பார்க்கலாம்மா" என்று பதில் வந்தது, அதோடு சரி. 11 மாத அக்ரிமென்ட், வருடாவருடம் புதிதாக எழுதினோம். "தற்போதுள்ள நிலையிலேயே ஒப்படைக்க வேண்டும்" என்று இருக்கிறதே தவிர, பெயின்டிங் பற்றி ஒரு வரி கிடையாது. கேட்டால், எல்லா இடத்திலும் இதுதான் வழக்கம் என்கிறார். மேற்கொண்டு பேசினால் மோட்டார் போட மாட்டாராம். புது வீட்டு அட்வான்ஸுக்கு இந்தப் பணத்தைத்தான் நம்பியிருக்கிறோம்.

பத்திர எழுத்தர், தாம்பரம்:
சகோதரி, வாடகை அக்ரிமென்ட் எழுதுவதுதான் என் பிழைப்பு. இந்தப் பெயின்டிங் பிடித்தத்தைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. அடுத்து வருகிறவருக்கு வாடகையை ஏற்றுவதற்காக அடிக்கிற பெயின்டுக்கு, போகிறவர் ஏன் பணம் கட்ட வேண்டும்?

1960-ஆம் வருடத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இப்போது இல்லை. 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 22.2.2019 முதல் நடைமுறையில் இருக்கிறது. எந்த ரிப்பேர் யார் பொறுப்பு என்று அதன் இரண்டாம் அட்டவணை பிரித்துச் சொல்கிறது. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்குப் பெயின்ட் அடிப்பது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம் உரிமையாளர் பக்கம். தண்ணீர்க் குழாயின் வாஷர், ஸ்விட்ச், தாழ்ப்பாள், உடைந்த ஜன்னல் கண்ணாடி போன்றவை குடியிருப்பவர் பக்கம். உங்கள் ஹால் சுவரில் கசிவும் அவர் பொறுப்பு, பெயின்டும் அவர் பொறுப்பு. அந்த வாட்ஸ்அப் போட்டோக்களைப் பத்திரமாக வையுங்கள், போன் மாற்றும்போது போய்விடப் போகிறது.

அட்வான்ஸ் விஷயம். அக்ரிமென்டில் வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள் நியாயமான பாக்கியை மட்டும் கழித்துத் திருப்பித் தர வேண்டும். அடுத்த ஆள் எப்போது வருவார் என்பது உங்கள் கவலை இல்லை. மோட்டார் மிரட்டலுக்கும் பயப்படாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தக் கூடாது என்று 20-ஆம் பிரிவு சொல்கிறது. நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

ஒன்று கேட்கிறேன். அக்ரிமென்டை வாடகை அதிகாரியிடம் பதிந்தீர்களா? ஒரு வருடத்துக்கு மேல் போனால் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பதால்தான் எல்லோரும் 11 மாதம் என்று போடுகிறார்கள். இந்தச் சட்டத்தில் அந்த 11 மாத அக்ரிமென்டையும் வாடகை அதிகாரியிடம் பதிந்தாக வேண்டும். அதற்கென்று அரசு இணையதளமே இருக்கிறது.

வீட்டுக்காரர், குரோம்பேட்டை:
நானும் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். பெயின்ட் அடிக்க ஆகும் செலவு கொஞ்சம் இல்லை, அது உண்மை. அதற்காக நான்கு வருடம் ஒழுங்காக வாடகை கொடுத்தவரிடம் கை நீட்டுவது சரியில்லை. காலண்டர் மாட்டின ஆணிக்கு 8,000 என்பது அநியாயம். டைல்ஸை உடைத்திருந்தால், கதவைப் பெயர்த்திருந்தால் கேட்கலாம். நான் கடைசி இ.பி. ரீடிங்குக்கு உண்டான தொகையை மட்டும் பிடிப்பேன். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதானே வருகிறது.

மடிப்பாக்கம்வாசி:
ரொம்ப நன்றி. பதியவில்லை சார். ஓனர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இப்போது என்ன செய்வது?

பத்திர எழுத்தர், தாம்பரம்:
பதியாததால் வாடகை அதிகாரியிடம் போகும்போது சிக்கல் வரலாம். அதற்காகப் பணத்தை விட வேண்டியதில்லை. முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள்: அட்வான்ஸ் கொடுத்த தேதி, தொகை, காலி செய்யும் தேதி, கசிவைப் பற்றிச் சொன்ன தேதி. ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட்டில் பதிவு செய்து அனுப்புங்கள். பாதிப் பேர் அந்தக் கடிதத்தைப் பார்த்ததுமே இறங்கி வந்துவிடுவார்கள்.

மசியவில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். 1987-ஆம் வருடச் சட்டப்படி பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. வழக்குப் போடுவதற்கு முன்பே இரண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசி முடிக்கப் பார்ப்பார்கள். மனுவை உங்கள் பெயரிலேயே கொடுங்கள்.

அப்புறம், சாவியைச் சும்மா கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். காலி வீட்டை அறை அறையாக வீடியோ எடுங்கள், ஹால் சுவரையும் தொட்டிக் குழாயையும் கிட்டத்தில் எடுங்கள். தேதி, இ.பி. ரீடிங், எத்தனை சாவி, திரும்ப வர வேண்டிய தொகை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள். போட மறுத்தால், அதே விவரத்தை அங்கே நின்றபடியே அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.