ஐஸ் கோர் தரவில் பனிப்பொழிவு இரட்டிப்பாகத் தெரிகிறது, ஏழு வருடமும் காணவில்லை. உதவுங்கள்

பனித்தாள்:
வணக்கம். முதுகலை புராஜெக்டுக்காக அண்டார்க்டிகாவின் டிரோனிங் மாட் லேண்டில் எடுத்த ஓர் ஐஸ் கோரின் (துளையிட்டு எடுக்கும் உருளை வடிவப் பனித்தண்டு) தரவோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். 2015 ஜனவரியில் துளையிட்டது, நீளம் 60 மீட்டர். 5 செ.மீ. துண்டுகளாக வெட்டி ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான வகை), சோடியம், சல்பேட் மூன்றும் அளந்திருக்கிறார்கள். கோடைப் பனியில் ஆக்சிஜன்-18 கூடும், குளிர்காலத்தில் குறையும் என்பதால், ஒரு முகட்டிலிருந்து அடுத்த முகடு வரை ஓர் ஆண்டு என்று எண்ணினேன்.

முதல் சிக்கல்: மேற்பரப்பில் ஓர் ஆண்டின் அடுக்கு 45 செ.மீ., அடியில் 22 செ.மீ. தான். 200 ஆண்டில் பனிப்பொழிவு இரண்டு மடங்கா? வழிகாட்டியிடம் வரைபடத்தைக் காட்டினேன். சிரித்துவிட்டு, "யோசித்துவிட்டு வா" என்று அனுப்பிவிட்டார்.

இரண்டாவது: 57 மீட்டரில் பெரிய சல்பேட் முகடு இருக்கிறது. எரிமலைக் கந்தகம் பனியில் சல்பேட்டாக விழும் என்பதால், தம்போரா எரிமலை என்று நினைக்கிறேன். தம்போரா வெடித்தது 1815 ஏப்ரலில். என் எண்ணிக்கையோ அந்த இடத்தை 1823 என்கிறது.

குளிரறைவாசி:
அவர் சிரித்ததில் தப்பில்லை, நானும் முதல் வருடம் இதையேதான் செய்தேன். நீங்கள் அளந்தது அடுக்கின் தடிமன். பனிப்பொழிவு என்பது எடை. புதிதாக அடித்த இலவம்பஞ்சு மெத்தை முழ உயரம் இருக்கும். பத்து வருடம் படுத்த பிறகு அதே பஞ்சுதான் நான்கு விரல் உயரத்தில் கிடக்கும். பஞ்சு குறைந்துவிட்டதா என்ன?

மேற்பரப்புப் பனியின் அடர்த்தி கன செ.மீ.க்கு 0.38 கிராம் என்று வைத்துக்கொள்வோம். மேலே விழும் பனியின் பாரத்தில் அது ஃபிர்ன் என்னும் இறுகிய பழம்பனியாகும். 0.83 வாக்கில் காற்றுத்துளைகள் மூடிக்கொண்டு குமிழிகளோடு பனிக்கட்டியாகிவிடும். உங்கள் 57 மீட்டரில் ஏறக்குறைய 0.77 இருக்கலாம். இப்போது பெருக்கிப் பாருங்கள்: 45 × 0.38 = 17.1. 22 × 0.77 = 16.9. இரண்டுமே வருடத்துக்கு 17 செ.மீ. தண்ணீர்தான். இரட்டிப்பு அங்கேயே முடிந்தது.

என் எண்களை அப்படியே போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு துண்டின் எடையும் விட்டமும் குறித்திருப்பார்கள், அதிலிருந்து அடர்த்தியைப் போடுங்கள். முதல் இரண்டு மூன்று மீட்டரில் மட்டும் துண்டு பொலபொலவென்று உதிரும், எடைக்கணக்கு பொய் சொல்லும். பக்கத்தில் குழி வெட்டி அளந்திருந்தால் அந்த அளவை எடுங்கள்.

சாம்பல்மேடு:
எரிமலைக்கு நான் வருகிறேன். 57 மீட்டருக்குக் கீழே ஒன்றேகால் மீட்டர் தள்ளி இன்னொரு முகடு இருக்கிறதா? இருந்தால் தம்போராதான். 1809-இல் எங்கேயோ ஓர் எரிமலை வெடித்தது, எந்த மலை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. ஆனால் கிரீன்லாந்து, அண்டார்க்டிகா இரண்டு பக்கப் பனியிலும் அதன் கந்தகம் இருக்கிறது. இந்த ஜோடி முகடு கைரேகை மாதிரி.

இன்னொன்று, கந்தகம் தென்துருவம் வந்து சேர ஒரு வருடம் போல ஆகும். தம்போராவை 1816-இல் வையுங்கள். கிரக்கத்தோவா (1883) 1884-இலும், ஆகுங் (1963) 1964-இலும் இருக்க வேண்டும். அவை உங்கள் எண்ணிக்கையில் எங்கே விழுகின்றன?

பனித்தாள்:
அடுத்த முகடு 1.3 மீட்டர் கீழே இருக்கிறது சார்! ஆகுங் 19 மீட்டரில், சரியாக 1964. கிரக்கத்தோவா 40 மீட்டரில், 1886 என்று வருகிறது.

குளிரறைவாசி:
அப்படியானால் மேலே சரி, கீழே போகப் போக வருடம் தொலைகிறது. காரணம் உங்கள் 5 செ.மீ. வெட்டு. மேலே ஒரு வருடத்துக்கு ஒன்பது துண்டு. அடியில் நாலரைத் துண்டு. பனி பாதியாகப் பெய்த வருடம் என்றால் இரண்டே துண்டு. அதில் முகடு எப்படித் தெரியும்? போதாததற்கு ஃபிர்னின் துளைகளில் நீராவி மேலும் கீழும் உலவி, ஆக்சிஜன்-18 ஏற்ற இறக்கத்தை மழுங்கடித்துவிடும். அண்டார்க்டிகாவின் உட்பகுதியிலுள்ள வோஸ்டாக்கில் வருடத்துக்கு 2 செ.மீ. தண்ணீர்தான் சேர்கிறது, ஆக்சிஜனை வைத்து அங்கே யாரும் ஆண்டு எண்ணுவதில்லை.

சோடியத்தைப் பக்கத்தில் வையுங்கள். கடலுப்பு குளிர்காலத்தில் உச்சம் தொடும், நீராவியோடு நகராது. ஆக்சிஜன் சப்பையாக இருந்து சோடியம் மட்டும் ஏறினால் அங்கே ஒரு வருடம் ஒளிந்திருக்கலாம். அதற்காக 1816 வரும்வரை வருடங்களைக் கண்டுபிடித்துக்கொண்டே போகக் கூடாது! கிரீன்லாந்துக் காலவரிசையில் சந்தேகமான அடுக்கை அரை வருடம் என்று எண்ணி, அரை வருடம் முன்பின் என்று பிழையும் போட்டார்கள். அதையே செய்யுங்கள்.

துளைப்பான்:
டிரில் நோட்டைப் பார்த்தீர்களா தம்பி? எல்லாரும் வேதியியலிலேயே நிற்கிறீர்கள். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஆழமும் வெளியே வந்த துண்டின் நீளமும் எழுதியிருப்பார்கள். வெட்டு வாயில் தூள் அடைத்துக்கொண்டால் துண்டு நொறுங்கித்தான் வரும். நொறுங்கியதை அளக்காமல் விட்டிருப்பார்கள். கோரில் வெற்றிடம் எங்கே என்று தேடுங்கள்.

அப்புறம், இரட்டிப்பு என்றாலே பொய் என்றும் நினைக்க வேண்டாம். அண்டார்க்டிக் தீபகற்பத்தின் தென்மேற்கில் கோமெஸ் என்ற இடத்துக் கோரில், அடர்த்தித் திருத்தம் எல்லாம் செய்த பிறகும் 1850-களிலிருந்து பனிப்படிவு இரட்டிப்பாகியிருக்கிறது. உங்கள் இடம் வேறு, அவ்வளவுதான்.

பனித்தாள்:
அண்ணா, பிடித்துவிட்டேன். 52 மீட்டரில் 35 செ.மீ. நொறுங்கிப்போய் அளவே இல்லை. எக்செல் அந்த இடைவெளியைக் கோடு போட்டு இணைத்திருக்கிறது, நானும் கவனிக்காமல் எண்ணியிருக்கிறேன். அங்கே ஒரு வருடம். சோடியத்தில் தெளிவாக நான்கு, சந்தேகமாக இரண்டு (அரை அரையாக ஒன்று). ஆக மொத்தம் ஆறு. தம்போரா இப்போது 1817, ஒரு வருடம் முன்பின். மீதி ஒன்றை எங்கே நுழைப்பது?

சாம்பல்மேடு:
எங்கேயும் நுழைக்காதீர்கள். எண்ணிக்கையை 1817 என்றே எழுதுங்கள். சராசரிப் பனிப்பொழிவுக்கு எரிமலைகளே போதும். கிரக்கத்தோவாவுக்கும் தம்போராவுக்கும் நடுவே 68 வருடம். அந்த 17 மீட்டரைத் தண்ணீராக மாற்றி 68-ஆல் வகுங்கள்.

பனித்தாள்:
11.8 மீட்டர் தண்ணீர், வருடத்துக்கு 17.4 செ.மீ. ஆகுங்கிலிருந்து மேற்பரப்பு வரை 16.9. நாளைக்கு வழிகாட்டியிடம் போகிறேன்.

துளைப்பான்:
ஒரே துளை என்பதையும் சொல்லிவிடுங்கள். காற்று அள்ளிப்போய்ப் பத்தடி தள்ளிக் கொட்டும் ஊர் அது. 16.9-க்கும் 17.4-க்கும் உள்ள வித்தியாசத்துக்கு அர்த்தம் தேடினால் மறுபடியும் சிரிப்பார்.