ரத்ததானக் குழுவில் அரசியல் சண்டை: அட்மின்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. எங்கள் வாட்ஸ்அப் ரத்ததானக் குழுவில் ஒருவரையொருவர் நேரில் பார்க்காதவர்களே அதிகம். தேர்தல் பேச்சு எடுத்தாலே திமுக, அதிமுக என்று மோதல்தான். வடிவேலு மீம்ஸோடு நிற்கும்வரை எனக்கும் பிடிக்கும். அந்தக் கிண்டல் நம் ஊருக்கே உரியது. ஆனால் ராத்திரிக்குள் சாதி, குடும்பம் என்று இறங்கிவிடுகிறார்கள். 'ஓ நெகட்டிவ் அவசரம்' என்ற செய்தி அதற்கடியில் புதைந்துபோகிறது.

அட்மின் மட்டும் பதிவிடலாம் என்று மாற்றினால், ரத்தம் கேட்டு வருபவரும் எழுத முடியாது. உறுப்பினரின் பதிவுக்கு அட்மின் பொறுப்பல்ல என்று 2022இல் கேரள உயர் நீதிமன்றம் சொன்னது. சரி, என் கவலை வழக்கு இல்லை; கொடையாளர்களை இழப்பதுதான். பல குழுக்களை ஒரே குடையின்கீழ் வைக்கும் வாட்ஸ்அப் கம்யூனிட்டி வசதியில் அரட்டைக்குத் தனிக் குழு பிரித்தவர்கள் இருக்கிறீர்களா? சண்டை அங்கே போனதா, இரண்டிலும் நடந்ததா? நீக்குவதற்கு முன் எத்தனை முறை எச்சரிப்பீர்கள்?