செம்புக்கு ஜோடி

*குழு: நம்ம வீடு*

சனி, காலை

கவின்: (படம்)

கவின்: எல்லோரும் பாருங்கள். நம்ம பியர்டட் டிராகன் செம்புக்கு ஜோடி கிடைத்துவிட்டது! இவளும் லெதர்பேக்தான், சின்னச் செதிலோடு முதுகு வழவழப்பாக இருக்கும் வகை. என்ன சிவப்பு பாருங்கள். நாளைக்குப் போய் எடுத்து வருகிறேன்.

யாழினி: அண்ணா, எவ்வளவு அழகு! முதுகு செம்பு மாதிரியே வழவழவென்று இருக்கிறது.

அம்மா: இன்னொரு ஓணானா? எங்கே வைப்பாய்?

கவின்: தனித் தொட்டி தயாராக இருக்கிறது அம்மா. இரண்டும் சிவப்பு, இரண்டும் லெதர்பேக். குட்டிகள் இன்னும் சிவப்பாக, இன்னும் வழவழப்பாக வரும்.

மீனா அத்தை: கவின், கொஞ்சம் பொறு. இரண்டையும் சேர்த்து விடாதே. நான் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்.

மீனா அத்தை: லெதர்பேக்கோடு லெதர்பேக்கைச் சேர்த்தால் சில்க்பேக் வரும். செதிலே இல்லாத குட்டி.

அப்பா: செதில் இல்லாவிட்டால் என்ன மீனா? பார்க்கப் பட்டு மாதிரி இருக்குமே.

மீனா அத்தை: இருக்கும் அண்ணா. அதைப் பார்த்து ஆசைப்பட்டுத்தான் வாங்குகிறார்கள். ஒரு சில்க்பேக்கை நான் இரண்டு வருடம் பார்த்துக்கொண்டேன், ஞாபகம் இருக்கிறதா? தெரிந்தவர் ஒருவர் சமாளிக்க முடியாமல் கொண்டுவந்து கொடுத்தது. செதில்தான் அதற்குக் கவசம். கவசம் இல்லாத தோலில் ஈரம் நிற்காது, சீக்கிரம் வறண்டு போகும். மற்றவை சுகமாக வெயில் காயும் விளக்கின் கீழே அது சுட்டுக்கொள்ளும். இரைக்கு விட்ட பூச்சி கடித்தாலே காயம். தோல் உரியும்போதுதான் பெரிய பாடு. விரல் நுனியில் பழைய தோல் வளையம் மாதிரி இறுகி, ரத்தம் போகாமல் இரண்டு விரல்கள் கருகி விழுந்துவிட்டன. தினமும் ஈரத்துணி, களிம்பு என்று எல்லாம் செய்தும் அப்படி.

அம்மா: பாவம் அது. எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கையில் எடுக்கவே பயமாக இருக்கும்.

கவின்: அத்தை, ஆனால் செம்புவுக்கு இப்படி ஒன்றும் இல்லையே? அவனும் பாதி வழவழப்புதான்.

மீனா அத்தை: அந்தப் "பாதி"தான் விஷயம். ஒவ்வொரு ஜீனும் இரண்டு பிரதி இருக்கும், அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று. இந்த ஜீனில் மாறிய பிரதி ஒன்று இருந்தால் செதில் சின்னதாகும், முள் குறையும். அது லெதர்பேக். இரண்டும் மாறியவையாக இருந்தால் செதில் உருவாகவே உருவாகாது. அது சில்க்பேக். அந்த ஜீனுக்கு இ.டி.ஏ. என்று பெயர், 2016-இல் ஆராய்ச்சியாளர்கள் உறுதி செய்தார்கள். பாலூட்டிகளில் முடியும் பல்லும் ஒழுங்காக வளர்வதற்கும் இதே ஜீன் வேண்டும்.

மீனா அத்தை: நீ சொன்ன ஜோடியில் ஒவ்வொரு முட்டைக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு சில்க்பேக். இருபது முட்டை என்றால் சுமார் ஐந்து குட்டிகள். அவற்றை யாரிடம் கொடுப்பாய்?

கவின்: …

கவின்: இதை விற்பவர் சொல்லவே இல்லை அத்தை. "இரண்டும் லெதர்பேக், சூப்பர் ஜோடி" என்றுதான் சொன்னார்.

மீனா அத்தை: செம்புவுக்குச் சாதாரணச் செதில் உள்ள பெண்ணைப் பார். குட்டிகளில் ஏறக்குறையப் பாதி லெதர்பேக், பாதி சாதாரணம். சில்க்பேக் ஒன்றுகூட வராது. உனக்கு வேண்டியதும் கிடைக்கும், யாருக்கும் வலி இல்லை.

சனி, மதியம்

கவின்: சரி அத்தை. இவளை வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்தச் சிவப்பை விட மனசு வரவில்லை. இப்படி ஒரு சிவப்பை நான் பார்த்ததே இல்லை.

மீனா அத்தை: படத்தை மறுபடியும் பார். தொட்டியின் மணல், பின்னால் இருக்கும் சுவர், தண்ணீர்க் கிண்ணம் எல்லாமே சிவப்பாகத்தானே இருக்கின்றன? அது விளக்கின் நிறம். ஜன்னல் பக்கம் பகல் வெளிச்சத்தில், கையில் வெள்ளைக் காகிதம் வைத்து எடுத்த படம் கேள்.

யாழினி: ஐயோ, ஆமாம். கிண்ணம்கூட ஆரஞ்சாக இருக்கிறது!

மீனா அத்தை: இன்னொன்றும் உண்டு. பியர்டட் டிராகன் நேரத்துக்கு ஒரு நிறம் காட்டும். காலையில் குளிர்ந்திருக்கும்போது வெப்பத்தை வாங்கிக்கொள்ளக் கருமையாக இருக்கும். உடம்பு சூடேறிய பிறகு வெளிறி, மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று தெரியும். பயந்தாலோ கோபம் வந்தாலோ தாடி கறுத்துவிடும். அதனால் ஒரே ஒரு படத்தை வைத்து நிறத்தைத் தீர்மானிக்கவே கூடாது.

அப்பா: அப்படியானால் சிவப்பு என்பது நிஜமாகவே இருக்கிறதா இல்லையா?

மீனா அத்தை: இருக்கிறது அண்ணா, ஆனால் லெதர்பேக் மாதிரி ஒரே ஜீனால் வருவது இல்லை. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள் எல்லாம் பல ஜீன்கள் சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுவது. தலைமுறைக்குத் தலைமுறை நல்ல நிறமுள்ளதாகத் தேர்ந்தெடுத்துச் சேர்த்துச் சேர்த்துக் கொண்டுவந்தது. அதனால் சிவப்பும் சிவப்பும் சேர்ந்தால் சிவப்பாக வர வாய்ப்பு அதிகம், உத்தரவாதம் கிடையாது. குட்டியாக இருக்கும்போது பெரும்பாலும் பழுப்புதான். ஒவ்வொரு முறை தோல் உரியும்போதும் நிறம் மாறும், ஒரு வயதை ஒட்டித்தான் நிலைக்கும். குட்டியைக் காட்டி "இது ரத்தச் சிவப்பாக வரும்" என்று யாராவது சொன்னால், தாய் தகப்பனைக் காட்டுங்கள் என்று கேள்.

யாழினி: அத்தை, வெள்ளையாக ஒன்று பார்த்தேனே, கோடு புள்ளி எதுவுமே இல்லாமல். அதுவும் இப்படித் தேர்ந்தெடுத்து வந்ததா?

மீனா அத்தை: இல்லை யாழினி, அது தனி ஜீன். அதில் இரண்டு வகை உண்டு. விட்பிளிட்ஸ் தென்னாப்பிரிக்காவில் வந்தது, கோலம் இருக்காது, மேலே லேசான வெளிர் நிறம் தெரியும். ஸீரோ என்பது நிறமும் இல்லாமல் வெள்ளியும் சாம்பலுமாக இருக்கும். இரண்டும் ஒடுங்கிய ஜீன்கள், அதாவது இரண்டு பிரதியும் மாறியிருந்தால்தான் வெளியே தெரியும். கண் முழுக்கக் கறுப்பாக, குட்டியில் வயிறு நீலம் பாய்ந்தது போல இருந்தால் அது டிரான்ஸ். அதுவும் ஒடுங்கியதுதான். டன்னர் வேறு மாதிரி. ஒரு பிரதி இருந்தாலே தெரிந்துவிடும், செதில்கள் ஒழுங்காக ஒரே பக்கம் படியாமல் இஷ்டத்துக்குத் திரும்பியிருக்கும்.

கவின்: அந்த விற்பவர் இவளை "ஹெட் ஹைப்போ" என்றும் சொன்னார் அத்தை. நானும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். ஹைப்போ என்றால் கறுப்பு நிறமி குறைவு என்று தெரியும். ஹெட் என்றால்?

மீனா அத்தை: ஹைப்போவும் ஒடுங்கியது. ஒரு பிரதியை மட்டும் உள்ளே சுமந்துகொண்டு, வெளியே சாதாரணமாகத் தெரிவதுதான் ஹெட். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பெற்றோர் யார் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். தாயோ தகப்பனோ ஹைப்போவாக இருந்தால், சாதாரணமாகத் தெரியும் குட்டிகள் எல்லாம் நிச்சயமாக ஹெட். தாயும் தகப்பனும் இருவரும் ஹெட்டாக மட்டும் இருந்தால், சாதாரணமாகத் தெரியும் குட்டிகளில் மூன்றில் இரண்டு ஹெட்டாக இருக்கும், எது என்றுதான் தெரியாது. அதைத்தான் 66 சதவீத ஹெட் என்று எழுதுவார்கள். அவளுடைய பெற்றோர் விவரம் கேட்டுப் பார்.

சனி, இரவு

கவின்: கேட்டேன் அத்தை. பெற்றோர் யார் என்று அவருக்கே தெரியாதாம், வேறொருவரிடம் வாங்கியதாம். இன்னொன்றும் சொன்னார், போன மாதம் வரை ஓர் ஆணோடு ஒரே தொட்டியில் இருந்தாளாம்.

மீனா அத்தை: அப்படியானால் ஹெட் என்பது வெறும் வார்த்தை. அந்த ஆண் விஷயமும் முக்கியம். பெண் விந்தை உடம்பில் சேமித்து வைத்துக்கொள்ளும், ஒரு தடவை சேர்ந்ததை வைத்தே பல முறை கருவுள்ள முட்டையிடும். நீ செம்புவோடு சேர்த்து, குட்டிகள் பிறந்தாலும் தகப்பன் செம்புதான் என்று சொல்ல முடியாது. உன் பதிவே தப்பாகிவிடும்.

கவின்: பதிவா? நான் ஒன்றும் எழுதி வைக்கவில்லையே அத்தை.

மீனா அத்தை: நான் வைத்திருக்கிறேன். செம்பு என் வீட்டில் பொரித்தவன்தானே? இரு, நோட்டை எடுக்கிறேன்.

மீனா அத்தை: (படம்)

யாழினி: "தகப்பன்: லெதர்பேக், ஆரஞ்சு. தாய்: சாதாரணச் செதில், ஹைப்போ, மஞ்சள்."

யாழினி: அண்ணா!!! தாய் ஹைப்போ. அப்படியானால் செம்பு நிச்சயமாக ஹெட் ஹைப்போ!

கவின்: ஆனால் செம்புவின் நகம் கறுப்பாக இருக்கிறதே?

மீனா அத்தை: ஹெட் என்பதால்தான் கறுப்பு. வெளியே தெரியும் ஹைப்போவுக்கு நகம் முழுக்கத் தெளிவாக இருக்கும், பழுப்புக் கோடே இருக்காது. எல்லா விரலையும் பார்க்க வேண்டும், ஒன்றிரண்டை மட்டும் பார்த்து நம்பக் கூடாது.

அப்பா: ஆக, ஹைப்போவான, சாதாரணச் செதிலுள்ள பெண் கிடைத்தால் என்ன வரும்?

மீனா அத்தை: பாதி லெதர்பேக், பாதி ஹைப்போ. இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தவை நாலில் ஒரு பங்கு. ஹைப்போவில் கறுப்பு ஒதுங்குவதால், செம்புவின் ஆரஞ்சு குட்டிகளுக்கு இறங்கியிருந்தால் பளிச்சென்று தெரியும். கவின் தேடுகிற சிவப்புக்கு இதுதான் சரியான வழி. ஆனால் செம்புவுக்குச் சொந்தமில்லாத பெண்ணாக இருக்க வேண்டும். இவற்றின் சொந்த நாடான ஆஸ்திரேலியா, தன் காட்டு விலங்குகளை வியாபாரத்துக்காக வெளிநாட்டுக்கு அனுப்ப விடுவதில்லை. வெளிநாடுகளில் வளர்ப்பவை பெரும்பாலும் முன்பு வெளியே போன சிலவற்றின் வழிவந்தவை. நாமும் அண்ணன் தங்கையைச் சேர்த்து அந்த வட்டத்தை இன்னும் சுருக்கக் கூடாது.

அப்பா: முட்டைக்கு வெப்பம் கூட்டினால் எல்லாம் பெண்ணாக வரும் என்று எங்கோ படித்தேனே?

மீனா அத்தை: 32 டிகிரிக்கு மேலே போனால், ஆணுக்குரிய குரோமோசோம் இருந்தும் பெண்ணாக வளர்பவை வரத் தொடங்கும் அண்ணா. உண்மைதான். ஆனால் அதற்காகக் கருவை வேகவைக்க நான் சம்மதிக்க மாட்டேன். 28, 29 டிகிரியில் நிதானமாக இரண்டு மாதம் ஆகட்டும்.

அம்மா: பெண்ணுக்கு எத்தனை வயது இருக்க வேண்டும் மீனா? சின்னப் பிள்ளையைச் சேர்த்துவிடப் போகிறான்.

மீனா அத்தை: நல்ல கேள்வி அண்ணி. ஒன்றரை வயதாவது நிரம்ப வேண்டும், நல்ல எடை வேண்டும், சுண்ணாம்புச் சத்து குறையாமல் கொடுத்திருக்க வேண்டும். முட்டைக்காக அவள் தன் எலும்பிலிருந்தே எடுத்துக் கொடுப்பாள்.

கவின்: அத்தை, அப்படி ஒரு பெண்ணுக்கு எங்கே போவேன்?

மீனா அத்தை: என் தோழி ஒருத்தியிடம் இரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். செம்பு வழியில் சம்பந்தமே இல்லாத குடும்பம், தாய் தகப்பன் இருவரின் பதிவும் இருக்கிறது. ஆணோடு ஒரு நாளும் இருந்ததில்லை. விற்க மாட்டாள், ஆனால் சேர்த்துப் பார்க்கச் சம்மதிப்பாள் என்று நினைக்கிறேன். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.

ஞாயிறு, காலை

கவின்: அத்தை, கேட்டீர்களா?

மீனா அத்தை: சம்மதித்துவிட்டாள். முதலில் இரண்டுக்கும் மல பரிசோதனை, அதற்குப் பிறகுதான் சந்திப்பு. நீ நகப் படம் கேட்பாய் என்று நானே எடுத்து அனுப்பச் சொன்னேன். ஜன்னல் வெளிச்சத்தில், வெள்ளைக் காகிதத்தின் மேல்.

மீனா அத்தை: (படம்)

யாழினி: பதினெட்டு, பத்தொன்பது, இருபது… ஒரு விரலில்கூடக் கறுப்பு இல்லை!

கவின்: அத்தை, இவள் பெயர் என்ன?