கசப்போடு செய்யும் தியாகம் கணக்கில் வருமா?

கேள்வி:
படுக்கையில் கிடக்கும் தாயைப் பார்த்துக்கொள்ள வேலையை விட்டாயிற்று. ஆரம்பத்தில் இருந்த சந்தோஷம் போய் எரிச்சல்தான் மிச்சம். வேதாகமத்தில் ரோமர் 12:1 சொல்லும் ஜீவபலி (நம் சரீரத்தையே உயிருள்ள பலியாகத் தேவனுக்கு ஒப்புக்கொடுப்பது) இதுதானா? மனமில்லாமல் செய்தால் வீணா?

பதில் 1:
எந்தப் பலி என்று முதலில் பாருங்கள், சகோதரரே. லேவியராகமத்தில் தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரணபலி, குற்றநிவாரணபலி என்று ஐந்து உண்டு. பாவத்துக்கான பலி சிலுவையோடு முடிந்தது (எபிரெயர் 10:12). பலரும் சறுக்குவது இங்கேதான். "பழைய தப்புக்கு இது தண்டனை" என்று உள்ளுக்குள் வைத்துக்கொண்டு பணிவிடை செய்வார்கள். ஏற்கெனவே தீர்ந்த கடனைத் தினமும் கட்டிக்கொண்டிருந்தால் கசக்காமல் என்ன செய்யும்? நமக்கு மீதி இருப்பது ஸ்தோத்திரபலியும் (வாயால் துதிப்பது), நன்மை செய்வதும் (எபிரெயர் 13:15-16). எரிச்சல் வந்ததாலேயே அது செல்லாமல் போகாது. மத்தேயு 21-இல் இயேசு சொன்ன இரண்டு மகன்கள் உவமையில், "மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பிறகு தோட்டத்துக்குப் போனவன்தான் தகப்பன் சித்தத்தைச் செய்தவன்.

பதில் 2:
அளவையும் பார்க்க வேண்டும். ஆட்டுக்குட்டிக்கு வசதியில்லாதவன் இரண்டு புறா கொண்டுவரலாம், அதுவும் முடியாவிட்டால் ஒரு எப்பா (அக்காலத்து முகத்தலளவை) மாவில் பத்தில் ஒரு பங்கு போதும் (லேவியராகமம் 5:7-11). திராணிக்கு மேல் கேட்கவில்லை.

ஒரு வாரத்து வேலைகளை எழுதுங்கள்: குளிப்பாட்டுவது, மருந்து, புரட்டிப் படுக்கவைப்பது, இரவு விழிப்பு. நீங்கள் மட்டுமே செய்ய முடிந்தவற்றுக்குக் குறி போட்டுவிட்டு, மற்றதைக் கூடப்பிறந்தவர்களிடம் நாளும் நேரமும் சொல்லி ஒப்படையுங்கள். "முடிந்தால் வா" என்றால் யாரும் வரமாட்டார்கள். "சனி இரவு 10 முதல் காலை 6 வரை நீ" என்றால் மறுக்கவாவது காரணம் தேட வேண்டும். ஜனங்களின் வழக்கையெல்லாம் தனியாகவே விசாரித்த மோசேக்கே மாமனார் எத்திரோ அதைத்தான் சொன்னார்: இப்படியே போனால் தொய்ந்துபோவீர் (யாத்திராகமம் 18). "நாங்கள்தான் காணிக்கை கொடுக்கிறோமே" என்று நழுவுகிறவர்களுக்கு மாற்கு 7:11-இல் கொர்பான் இருக்கிறது: "இது தேவனுக்குக் காணிக்கை" என்று சொல்லிப் பெற்றோருக்கு உதவாமல் விடுவதை இயேசு கண்டித்த இடம். காட்டத் தயங்காதீர்கள்.

கேட்டவர்:
சரி ஐயா, நம்பிக்கை எங்கிருந்து வரும்?

பதில் 3:
முன்னால் இருந்த சந்தோஷத்துக்காகத்தான் இயேசு சிலுவையைச் சகித்தார் (எபிரெயர் 12:2). சிலுவையே சந்தோஷம் என்று அங்கே எழுதியில்லை, அதனால் வலிந்து சிரிக்க வேண்டாம். சங்கீதம் 13-ஐ வாய்விட்டுப் படியுங்கள், ஆறே வசனம். முறையிட்டுத்தான் துதிக்குப் போகிறது. இன்னொன்று, எலியா தீர்க்கதரிசி சோர்ந்துபோய்ச் சாக வேண்டும் என்று கேட்டபோது தேவன் புத்தி சொல்லவில்லை. தூங்கவிட்டு இரண்டு முறை சாப்பிட வைத்தார் (1 இராஜாக்கள் 19). ஆகவே இரவுக்கு மாற்று ஆளை முதலில் ஏற்பாடு பண்ணுங்கள், ஜெப நேரத்தை அப்புறம் கூட்டிக்கொள்ளலாம்.