பைக் டயர்: ஆன்லைனில் வாங்கி வெளியில் மாட்டுவதா, கடையிலேயே வாங்கி மாட்டுவதா?

நீள்சாலை

வணக்கம் நண்பர்களே. பின் டயர் தேய்மானக் கோடு வரைக்கும் வந்தாச்சு, மாத்தியே ஆகணும். இப்ப வண்டியில இருக்கிறது 140/70-17, 66எச், ட்யூப்லெஸ், பயஸ் டயர் (உள்ளே நூல் அடுக்குகள் சாய்வா ஒண்ணுக்கொண்ணு குறுக்கே ஓடுறது). அதே மாடல் ஆன்லைன்ல கடை விலையை விடக் கணிசமா குறைச்சலா கிடைக்குது. பக்கத்துல இருக்கிற டயர் கடையில கேட்டா, "வெளியில வாங்கின டயரை மாட்டித் தர்றேன், ஆனா அப்புறம் ஏதாவதுன்னா என்கிட்ட வரக்கூடாது"ங்கிறார்.

அவர் சொல்றதுல நியாயம் இருக்கா, இல்ல வியாபாரம் போகுதேங்கிற கோபமா? ஆன்லைன்ல வாங்கினா வந்ததும் எதையெல்லாம் பார்க்கணும்? இன்னொண்ணு, அதே பக்கத்துல 150/60-17 இன்னும் மலிவா தள்ளுபடியில இருக்கு. ரிம் ஒரே 17 அங்குலம்தானே, போடலாமா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ரிம்முக்காரன்

அவர் சொல்றது நியாயம்தான். காரணம் இது. டயரை ரிம்மில் ஏத்தும்போது பீடு (ரிம்மில் உட்காரும் டயரின் உள்விளிம்பு, உள்ளே கம்பி இருக்கும்) கிழிஞ்சா, அது மாட்டினவர் லிவரால் (நெம்புகோலால்) கிழிச்சதா, அனுப்பும்போதே நசுங்கி வந்ததா என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆன்லைன் விற்பனையாளர் "மாட்டின டயரைத் திரும்ப எடுக்க மாட்டோம்" என்பார். மாட்டினவர் "டயரே சரியில்லை" என்பார். நடுவில் நிற்பது நீங்கள். கடையிலேயே வாங்கி அங்கேயே மாட்டினால் டயருக்கும் வேலைக்கும் பதில் சொல்ல ஒரே ஆள். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி அதற்குத்தான் போகிறது.

டயர் விலையை மட்டும் வைத்து ஒப்பிடாதீர்கள். ஆன்லைன் கணக்கில் டயர், அனுப்பும் கூலி, மாட்டும் கூலி, புது வால்வு, பேலன்ஸிங் (சக்கரம் சீராகச் சுற்ற எடை ஒட்டுவது), பழைய டயரைக் கழிப்பது எல்லாம் சேர வேண்டும். கடை விலையில் இவற்றில் எது எது அடக்கம் என்று முதலில் கேளுங்கள். பல கடைகளில் அங்கே வாங்கினால் மாட்டும் கூலி கிடையாது, வெளி டயர் என்றால் முழுக் கூலி. இரண்டு பக்கமும் இப்படிக் கூட்டிப் பார்த்தால் ஒற்றை டயருக்கு வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும். முன்னும் பின்னும் ஜோடியாக, அதுவும் விலை உயர்ந்த ரேடியல் (நூல்கள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேர்க்குறுக்காக ஓடும் டயர்) வாங்கினால்தான் மிச்சம் கண்ணில் படும்.

அதை விடச் சுலபமான வழி ஒன்று உண்டு: ஆன்லைன் விலையைக் கடைக்காரரிடமே காட்டுங்கள். "இந்த விலைக்குக் கொடுங்க" என்று மல்லுக்கட்ட வேண்டாம். "மாட்டி, வால்வு போட்டு, பேலன்ஸ் பண்ணி மொத்தம் எவ்வளவுக்கு முடிப்பீங்க?" என்று கேளுங்கள். டயர் விலையில் இறங்க முடியாதவர்கூட வேலைக் கூலியில் இறங்குவார்.

கிரீஸ்கை

150/60 கேள்விக்கு மட்டும் பதில். வேண்டாம்.

17 என்பது ரிம்மின் விட்டம் மட்டும்தான். ரிம்மின் அகலம் வேறு சங்கதி. கணக்குப் போட்டுப் பாருங்க. 17 அங்குலம் என்றால் 431.8 மி.மீ. 140/70-இல் சைடுவால் (டயரின் பக்கச்சுவர்) உயரம், டயர் அகலமான 140 மி.மீ.-இல் 70 சதவீதம், அதாவது 98 மி.மீ. இரண்டு பக்கமும் சேர்த்தால் மொத்த விட்டம் 627.8. 150/60-இல் சைடுவால் 90 மி.மீ., மொத்தம் 611.8. ஆக விட்டம் 16 மி.மீ. குறையுது, வண்டியின் பின்பக்கம் 8 மி.மீ. தாழ்ந்துடும். பின்பக்கம் தாழ்ந்தா முன் ஃபோர்க்கின் சாய்வு கூடும், வளைவில் வண்டி திரும்ப மந்தமாகும். ஸ்பீடோமீட்டர் கியர்பாக்ஸிலிருந்தோ பின் சக்கரத்திலிருந்தோ கணக்கு எடுத்தா, உண்மை வேகத்தை விடச் சுமார் 2.6 சதவீதம் கூடுதலாக் காட்டும். முன் சக்கர சென்சார்னா அது மாறாது. ஆனா ஏ.பி.எஸ். (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்காம பார்த்துக்கிற அமைப்பு) இருக்கிற வண்டியில முன், பின் சக்கர வேகத்தை ஒப்பிட்டுத்தான் கணிப்பு நடக்குது. அந்த விகிதத்தை நாமாகப் போய்க் கலைக்காம இருக்கிறது நல்லது.

அகலமான டயரைக் குறுகலான ரிம்மில் போட்டா பீடு இரண்டும் உள்ளே இழுபட்டு, டயரின் நடுப்பகுதி கூம்பு மாதிரி எழும்பும். நேராப் போகும்போது தரையில் படுற பரப்பு உண்மையில குறையும். "அகலம் கூடினா பிடிப்பு கூடும்"னு வாங்கினவருக்குக் கிடைக்கிறது இதுதான். ஒவ்வொரு சைஸுக்கும் எந்த அகல ரிம் ஏற்கும்னு டயர் கம்பெனியே அட்டவணை போட்டிருக்கும். உங்க ரிம்மின் அகலம் ரிம்மிலேயே பொறிச்சிருக்கும், 17 x 3.50 என்கிற மாதிரி. முதல்ல அதைப் பாருங்க. அதோட செயின், செயின் கவர், ஸ்விங் ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்குற கை) பக்கம் உள்ள இடைவெளியையும் பாருங்க. புது டயர் ஓடும்போது கொஞ்சம் விரியும்.

66எச்-ஐயும் அலட்சியமா விடாதீங்க. 66 என்றால் அந்த டயர் 300 கிலோ வரை தாங்கும், எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரை. ஆன்லைன் பட்டியல்ல அதே 140/70-17 அளவுக்கு பி (P), எஸ் (S) என்று வேறு எழுத்துகளும் வரும். பி 150 கி.மீ., எஸ் 180 கி.மீ. தலைப்பில் சைஸ் மட்டும் போட்டு இதைக் கீழே எங்கேயோ மூலையில போட்டிருப்பாங்க. கையேட்டில் சொன்னதுக்குக் கீழே போகவே கூடாது. சமமாகவோ மேலாகவோ இருக்கலாம்.

முன் டயர் எது என்று நீங்க சொல்லலை. அது பயஸா இருந்தா பின்னாலும் பயஸே போடுங்க. ஒண்ணு பயஸ், ஒண்ணு ரேடியல்னு கலக்கணும்னா வண்டிக் கம்பெனியோ டயர் கம்பெனியோ அந்த ஜோடியைச் சரின்னு சொல்லியிருக்கணும். சைஸில் 17-க்கு முன்னாடி கோடு இருந்தா பயஸ், ஆர் இருந்தா ரேடியல், பி (B) இருந்தா பெல்ட் வைத்த பயஸ்.

நிதானம்

ரிம்முக்காரன் சொன்னதில் பாதிக்கு எனக்கு உடன்பாடில்லை. சாதாரணமாக ஓடும் சைஸுக்கு உள்ளூர் கடை சரி. ஆனால் அதிகம் விற்காத சைஸ் என்றால் கடையில் இருப்பது பல நேரம் அலமாரியிலேயே கிடந்த பழைய சரக்கு. அல்லது "அதுக்குப் பதில் இதைப் போடலாம், ஒண்ணும் ஆகாது" என்று கையிலிருப்பதைத் தள்ளிவிடுவார்கள். குறிப்பிட்ட மாடல்தான் வேண்டும் என்றால் ஆன்லைன்தான் வழி. வந்ததும் பார்க்க வேண்டியதைப் பார்க்கிறவருக்குப் பயமில்லை.

முதலில் தேதி. சைடுவாலில் டி.ஓ.டி. என்று தொடங்கும் வரிசையின் கடைசி நான்கு இலக்கங்கள்: 3024 என்றால் 2024-ஆம் ஆண்டின் 30-ஆவது வாரம் தயாரானது. ஒரு பக்கத்தில் அந்த நான்கு இலக்கம் தென்படவில்லை என்றால் மறுபக்கம் பாருங்கள், முழு வரிசையை ஒரு பக்கம் மட்டும் பொறிப்பது வழக்கம். வெயில் படாமல், மின்மோட்டார், வெல்டிங் பக்கம் இல்லாமல் வைத்த டயருக்கு ஒன்றிரண்டு வருஷம் பெரிய விஷயமில்லை. ஐந்து வருஷம் தாண்டியது "புதுசு" என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள். ஓட்டத்தில் இருக்கும் டயரையே ஐந்து வருஷத்துக்குப் பிறகு ஆண்டுதோறும் சோதிக்கச் சொல்கிறார்கள். பெரிய தள்ளுபடி பல நேரம், தேதி பழசு என்பதால் வருவது. ஆர்டர் போடும் முன்பே தேதி தெரியும் படம் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள்.

அடுத்தது பீடு. உள்பக்கம் கையை விட்டு இரண்டு பீடையும் சுற்றிலும் தடவிப் பாருங்கள். கம்பி மடிந்திருந்தால் விரலில் கோணலாகத் தட்டுப்படும். அப்படி மடிந்த பீடைச் சரிசெய்ய வழியே கிடையாது. வெறும் நசுங்கல் வேறு: பட்டை போட்டு இறுக்கி அனுப்புவதால் இரண்டு பீடும் ஒன்றோடொன்று ஒட்டி வரும். அந்த நிலையில் மாட்டினால் ரிம்மை எட்டாது, காற்று அடிக்க அடிக்க வெளியே போகும். பட்டையை வெட்டி, பீடுகளுக்கு நடுவில் மூன்று இடத்தில் கட்டைத் துண்டு கொடுத்து, ஒரு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் விரிந்துவிடும்.

சைஸ், சுமை எண், வேக எழுத்து, ட்யூப்லெஸ் என்ற குறி, முன்னுக்கா பின்னுக்கா என்பது, இவை எல்லாம் ஆர்டருடன் ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் படம் எடுத்து வையுங்கள். ஸ்டிக்கரைக் கிழிக்காதீர்கள். மாட்டிய பிறகு எந்த வாதமும் எடுபடாது, அதனால் வாதம் செய்ய வேண்டியதை அதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

நீள்சாலை

நன்றி, 150/60 ஆசையை விட்டாச்சு. ரிம்மில் 3.50 என்றுதான் இருக்கு. முன் டயரும் பயஸ்தான். ஒரு வேளை ஆன்லைன்ல வாங்கினா, சக்கரத்தை நானே கழட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தா கூலி குறையும்னு கடைக்காரர் சொல்றார். அதுல என்ன கவனிக்கணும்? மாட்டும்போது கூட நின்னு பார்க்கிறதா இருந்தா எதைப் பார்க்கணும்?

எட்டாம்நம்பர் ஸ்பேனர்

கழட்டும் முன்னாடி செயின் அட்ஜஸ்டரில் இரண்டு பக்கமும் எந்தக் கோட்டில் இருக்குன்னு படம் எடுத்து வச்சுக்குங்க. ஆக்சிலை உருவும்போது இடது, வலது ஸ்பேசர் (சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஆக்சிலில் வர்ற வளையம்) எது எதுன்னு குறிச்சுக்குங்க. மாறிப்போச்சுன்னா சக்கரம் நடுவில் உட்காராது, டிஸ்க் பிரேக் பேடில் உரசும். டிஸ்க் பிரேக் வண்டியில சக்கரம் வெளியே இருக்கும்போது பிரேக் மிதியை மிதிக்கவே கூடாது, பிஸ்டன் வெளியே வந்துடும். பேடுகளுக்கு நடுவில் ஒரு அட்டையை மடிச்சுச் செருகி வச்சிருங்க. சக்கரத்தை டிஸ்க் கீழே இருக்கிற மாதிரி தரையில் படுக்கப் போடாதீங்க, கடையிலும் போட விடாதீங்க. டிஸ்க்கை விட மெல்லிசு ஏ.பி.எஸ். பல்வளையம். அது லேசா வளைஞ்சாலும் விளக்கு எரியும்.

கடையில பார்க்க வேண்டியது:

பழைய டயர் கழண்டதும் ரிம்மில் பீடு உட்காரும் இடத்தைப் பாருங்க. பழைய ரப்பரும் உப்புப் பூத்த மாதிரி வெள்ளையும் ஒட்டியிருக்கும். அதைத் தேய்ச்சு எடுக்காம புது டயரை ஏத்தினா மெதுவாக் காற்று இறங்கிட்டே இருக்கும். அப்புறம் "டயர் ஓட்டை"ன்னு பழி டயர் மேல விழும். ரப்பர் வால்வை ஒவ்வொரு டயருக்கும் மாத்திடுங்க. வால்வு அடியை வளைச்சுப் பார்த்தா வெடிப்பு தெரியும். உள்ளே காற்றழுத்த சென்சார் இருந்தா லிவர் வைக்கிறதுக்கு முன்னாடியே சொல்லிடுங்க.

சைடுவாலில் சுழலும் திசை அம்புக்குறி இருக்கும், வண்டி முன்னே போகும்போது சக்கரம் சுத்துற பக்கம் அது நோக்கணும். ஏத்தும் முன்னாடியே காட்டிடுங்க. சக்கரம் தனியாக் கையில் இருக்கும்போது பிசகுறது சுலபம், ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடுற பல்சக்கரம்) எந்தப் பக்கம்னு பார்த்து முடிவு பண்ணுங்க. பெயிண்ட் புள்ளி இருந்தா அது டயரின் லேசான இடம், வால்வுக்கு நேரா வரணும். புள்ளியே இல்லாத டயரும் உண்டு, அது குறை இல்லை.

லிவர் போடும்போது பீடு கிழியுறதுக்குக் காரணம் பெரும்பாலும் ஒண்ணுதான்: எதிர்ப்பக்கம் பீடு ரிம்மின் நடுப்பள்ளத்தில் இறங்கலை. இறங்கியிருந்தா கடைசிப் பிடிகூட அளவான பலத்திலேயே ஏறும். ஆள் முழுப் பலத்தையும் போட்டு நெம்புறார்னா நிறுத்தச் சொல்லுங்க, எதிர்ப்பக்கம் முழங்காலை வச்சு அமுக்கினா போதும். தடவ டயர் பேஸ்ட்டோ சோப்புத் தண்ணியோ போதும். கிரீஸ், எண்ணெய், பெட்ரோல் எதுவும் கிட்டவே வரக்கூடாது.

காற்று அடிக்கும்போது வால்வின் உள்ஊசியைக் கழட்டிட்டு அடிச்சா வேகமா உள்ளே போய்ப் பீடு சட்டுனு உட்காரும், இரண்டு தடவை "டொப்" சத்தம் கேட்கும். சைடுவாலில் அதிகபட்ச அழுத்தம் எழுதியிருந்தா அதுக்கு மேலே போகக்கூடாது. எழுதலைன்னா 40 பி.எஸ்.ஐ. தாண்ட வேண்டாம். அதுக்குள்ள உட்காரலைன்னா காற்றை இறக்கி, மறுபடி சோப்பு தடவி அடிக்கணும். பிடிவாதமா ஏத்திக்கிட்டே போறது ஆபத்து, பீடு கம்பி அறுந்து டயர் தெறிக்கும்.

உட்கார்ந்ததுக்குச் சாட்சி: ரிம் விளிம்பை ஒட்டி டயரில் மெல்லிசா ஒரு வரி சுத்திலும் ஓடும். அதுக்கும் ரிம்முக்கும் இடைவெளி எல்லா இடத்திலும் ஒரே அளவா இருக்கணும், இரண்டு பக்கமும். ஒரு இடத்தில் வரி உள்ளே ஒளிஞ்சிருந்தா அங்கே ஏறலை, அப்படியே ஓட்டினா சக்கரம் தூக்கித் தூக்கிப் போடும். பேலன்ஸிங்கில் வெயிட் ஏகப்பட்டது கேட்டாலும் முதல்ல இந்த வரியைத்தான் பாருங்க.

ரிம்முக்காரன்

ஸ்பேனர் சொன்னதோடு ஒன்று: கிளம்பும் முன் பீடு ஓரம், வால்வு அடி, வால்வு வாய் மூன்றிலும் சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். குமிழ் வந்தால் அங்கேயே தீர்த்துவிடலாம். வண்டியில் மாட்டும்போது செயின் தளர்வும் ஆக்சில் நட் முறுக்கும் கையேட்டில் உள்ளபடி, டார்க் ரெஞ்ச் (முறுக்கும் பலத்தை அளக்கும் ஸ்பேனர்) வைத்து.

நிதானம் சொன்ன பழைய சரக்குப் பிரச்சினைக்கும் வழி இருக்கிறது. கடையில் இல்லாத சைஸை விநியோகஸ்தரிடமிருந்து வரவழைக்கச் சொல்லுங்கள். "இந்த வருஷத் தேதி இல்லைன்னா எடுக்க மாட்டேன்" என்று முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள். ஒப்புக்கொண்டால் வாங்குங்கள், இல்லையென்றால் ஆன்லைன். ஆனால் ஆர்டர் போடும் முன்பே மாட்டப்போகிறவரிடம் கூலியும், பீடு கிழிந்தால் யார் பொறுப்பு என்பதும் பேசி முடித்திருக்க வேண்டும்.

நிதானம்

அதை ஒப்புக்கொள்கிறேன். பெட்டியைப் பிரித்ததும் டயரை ஒரு தடவை கடைக்காரரிடமே காட்டி, பீடு நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்ல வைத்துவிட்டு லிவரை எடுக்கச் சொல்லுங்கள். புது டயர் மேல்பக்கம் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கி.மீ. வரை வண்டியை அதிகம் சாய்க்க வேண்டாம், சட்டென்று முடுக்கவோ பிரேக் பிடிக்கவோ வேண்டாம். மழை ஈரம் என்றால் இன்னும் கவனம். மறுநாள் காலை, டயர் சூடாகும் முன் அழுத்தத்தை அளந்து பாருங்கள். முந்தின நாள் ஆறின டயரில் வைத்த அளவிலிருந்து இரண்டு பி.எஸ்.ஐ.-க்கு மேல் இறங்கியிருந்தால் நேராகக் கடைக்கு.